எடுத்தவர் பெயர் மாஸ்டர்

அந்த அலுவலகத்தில், ஒரு படத்தைக் காட்டி 'இதை யார் எடுத்தது?' என்று எவரும் கேட்பதில்லை.

சுவரில் எழுதி ஒட்டிய விதி அல்ல அது. வேலையில் சேரும்போது சொல்லித் தருகிற விதியும் அல்ல. லிஃப்டுக்குள் நுழைந்ததும் பேச்சு தானாகத் தணிவதைப் போல, வந்த சில நாட்களில் தானாகவே பழகிவிடும்.

மூன்று மாடிக் கட்டடம். உள்ளே லட்சக்கணக்கான புகைப்படங்களைச் சேமித்துவைத்துப் பத்திரிகைகளுக்கும் போட்டிகளுக்கும் அனுப்புகிற நிறுவனம். அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரே ஒரு பெயர்.

மாஸ்டர்.

நிறுவன முதலாளியான அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. டீக் கோப்பையை மேசையை விட்டுத் தூக்க மாட்டார், குனிந்துதான் குடிப்பார். ஆனால் அவர் பெயரில் வரும் படங்களில் கொசுவின் சிறகுகூட ஆடாமல் நிற்கும்.

எப்படி?

எல்லோருக்கும் தெரியும். ஆகவே எவரும் கேட்பதில்லை.

அந்த விதியை மீறப்போவதாக ஒரே ஒருவர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, அவர் மொட்டைமாடியிலிருந்து விழுந்தார்.

*

விழுந்தவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் அகராதி.

படங்களுக்குக் குறிப்பு எழுதுபவர். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் சண்டை போடுவார். ஜெயித்த பிறகு அந்தச் சொல்லையே மாற்றுவார்.

ரிசப்ஷனில் இருந்த பெண் அலறியபடி வாசலுக்கு ஓடியபோது, வாகனம் நிறுத்துமிடத்தில் அகராதி உயிரற்றுக் குப்புறக் கிடந்தார். அவரருகே மண்டியிட்டு, மூச்சு இரைக்க, ஒரு மனிதன்...

நிறுவனத்தின் கேமராக்காரன்.

மாஸ்டரின் அண்ணன் மகன். தகப்பன் இறந்த பிறகு மாஸ்டரே எடுத்து வளர்த்த பிள்ளை. அவன் சட்டைப்பையில் மொட்டைமாடிச் சாவி இருந்தது.

அந்தக் கதவுக்கு உலகத்தில் இரண்டே சாவிகள். ஒன்று அவனிடம். இன்னொன்று மாஸ்டரிடம்.

மாஸ்டர் தம் அறையில் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முந்தைய வெள்ளிக்கிழமை கேமராக்காரனும் அகராதியும் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டதைப் பாதி அலுவலகம் கேட்டிருந்தது. மாடிக்கதவு படிக்கட்டுப் பக்கமிருந்து சாவி போட்டுப் பூட்டப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் சாவியைப் பார்த்தார். சண்டையைக் கேட்டறிந்தார். இரண்டையும் கூட்டினார்.

கேமராக்காரனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

*

"நீங்க எங்க இருந்தீங்க? எனக்கு மட்டும் உண்மைய சொல்லுங்க."

கேட்டவள் அவன் மனைவி. அதே அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுபவள். கோட் எழுதுவதால் அவளை அங்கே கோடம்மா என்பார்கள்.

ஸ்டேஷனின் நீளமான பெஞ்சு. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், தன் விரல்களைப் பார்த்துச் சொன்னான்.

எதிர்க் கட்டடத்தில் இருந்தானாம். வெள்ளையடிப்பதற்காகக் காலி செய்து போட்டிருக்கும் கட்டடம். அதன் மூன்றாம் மாடி ஜன்னல். அங்கே போய் நின்று நம் மொட்டைமாடியைப் படமெடுக்கச் சொன்னவரே அகராதிதான். மேலே ஒருவரோடு பேசப் போகிறேன், நான் பேசுவது ஒரு படமாகவாவது இருக்கட்டும் என்றாராம்.

"எடுத்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. அடுத்த நிமிஷம் அவர் விழுந்துட்டார். நான் படியில பாய்ஞ்சு இறங்கினேன். கேமரா கைநழுவிப் போய் மூணு மாடி உருண்டுச்சு. கார்டு ரெண்டா ஒடஞ்சு போச்சு."

"மேல அவர்கூட நின்னது யாரு?"

"வெயில் எதிர்ல அடிச்சுது. முகம் தெரியல."

அவள் அவனையே பார்த்தாள். எதிர்வெயிலில் நிற்கிறவரின் இமைமுடியைக்கூட எண்ணிச் சொல்லும் கண்கள் அவை. அந்தக் கண்கள் இப்போது தரையில் இருந்தன.

"முகம் தெரியலையா... தெரிஞ்சதைச் சொல்ல மனசு வரலையா?"

அவன் விரல்களை மடக்கி விரித்தான்.

"வெள்ளிக்கிழமை அகராதி சாரோட என்ன சண்டை?"

சண்டை அவனுக்காகத்தானாம். வரப்போகும் பெரிய விருதுக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடு என்று அகராதி வற்புறுத்தியிருக்கிறார். வளர்த்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று இவன் மறுத்திருக்கிறான். நீ ஊமையாகவே செத்துப்போ, நான் பேசிக்கொள்கிறேன் என்று அவர் கத்தியிருக்கிறார்.

பேசத்தான் மேலே போனார்.

யாரோடு என்பதை அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

*

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மாஸ்டர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். அலுவலகத்தில் அவர் மாஸ்டர்; வீட்டு முறையில் அவளுக்கு மாமா.

"உக்காரும்மா. சாப்பிட்டியா?"

அவள் நின்றாள்.

அவர் குரலில் கனிவு இருந்தது. அதுவே அவளுக்கு அச்சமாக இருந்தது. ஆத்திரத்தில் எவருக்கும் கை நீளும் என்றார். பிள்ளையைத் தாம் குறை சொல்லவில்லை என்றார். பிறகு, நாற்காலியில் சற்றே முன்னால் வந்தார்.

"கைதவறி நடந்துடுச்சுன்னு ஒத்துக்கச் சொல்லும்மா. நல்ல வக்கீலா நான் பாக்கறேன். சில வருஷத்துல வெளிய வந்துடலாம். இல்லைன்னு அடம்பிடிச்சா... ஆயுசுக்கும் உள்ளதான்."

"அவர் செய்யலை மாமா."

"நான் மட்டும் செஞ்சான்னா சொல்றேன்? சாவி சொல்லுதே."

அவள் வெளியே வந்தாள். ரிசப்ஷன் பெண்ணின் முன் நின்றாள். பன்னிரண்டு வருடம் அந்த வாசலில் அமர்ந்து, கேமராப் பையோடு யார் வெளியே போகிறார், யார் வருகிறார் என்று பார்த்திருப்பவள்.

"அக்கா... கேட்டா சொல்லுவீங்களா?"

"எதைம்மா?"

அந்த 'எதைம்மா'வில் பதில் முழுவதும் இருந்தது.

*

ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறிய கோப்பு இருக்கும். எக்ஸ்எம்எல் கோப்பு. படத்தில் என்ன இருக்கிறது, எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்பதையெல்லாம் தனித்தனிக் கட்டங்களாகத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒழுங்காக அடுக்கிவைத்த எழுத்துக் கோப்பு. படத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று அகராதி சொல்வார்.

அதை மனிதர் எழுதுவதில்லை. கோடம்மாவின் நிரல் எழுதும். கேமராவிடம் நேரத்தைக் கேட்டு ஒரு கட்டத்தில் போடும். செயற்கைக்கோளிடம் இடத்தைக் கேட்டு இன்னொரு கட்டத்தில் போடும். அன்றைய வேலை விவரத்திலிருந்து தலைப்பை எடுத்துக்கொள்ளும்.

'எடுத்தவர்' என்ற கட்டத்துக்கு மட்டும் அது எவரையும் கேட்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே எழுதிய ஒற்றை வரி. எந்தக் கேமரா, எந்த நாள், எந்த ஊர் என்றாலும், எடுத்தவர்: மாஸ்டர்.

கேமராவிலிருந்து படங்கள் கம்பியில்லாமல் வந்து சேரும் சர்வரை அவள் திறந்தாள். திங்கட்கிழமை. காலை.

படம் எதுவும் இல்லை.

ஆனால்...

ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தது!

அவளுக்குப் புரிந்தது. படம் கனமானது, மெதுவாகத்தான் வரும். அதனால் விவரத்தை முதலில் அனுப்பும்படி அவளே கேமராவுக்குச் சொல்லியிருந்தாள். விவரம் முன்னால் ஓடிவந்துவிட்டது. பின்னால் நடந்துவந்த படம், படிக்கட்டில் கேமராவோடு சேர்ந்து செத்துவிட்டது.

திறந்தாள்.

அகராதி விழுந்த அதே நேரம். கேமரா நின்ற இடம்... தெருவுக்கு அந்தப் பக்கம். எதிர்க் கட்டடம். மூன்றாம் மாடி உயரம்.

என் புருஷன் பொய் சொல்லவில்லை!

அழுகையும் சிரிப்பும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. மேலேறி முதல் வரியைப் படித்தாள். இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன.

எடுத்தவர்: மாஸ்டர்.

*

தான் வெட்டிய குழி என்பார்கள். இவள் வெட்டியது ஒரு வரி.

இந்தக் கோப்பை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கொலை நடந்தபோது எதிர்க் கட்டடத்தில் நின்றவர் மாஸ்டர் என்றாகும். இரண்டு சாவிகளில் ஒன்று விடுதலையாகும். மிச்சமிருக்கும் சாவி அவள் கணவனுடையது.

அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி. அது, அவனைக் கொல்லும் பெயரோடு நிற்கிறது. அந்தப் பெயரை எழுதியவள் அவள்.

எடுத்தவர் கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

மாற்றுவது எளிது. வெறும் எழுத்துதானே? அவள் 'மாஸ்டர்' என்பதை அழித்தாள். கணவன் பெயரை அடித்தாள். பார்த்தாள். எத்தனை அழகாகப் பொருந்துகிறது! இத்தனை வருடமாக அந்தக் கட்டம் இந்தப் பெயருக்காகவே காலியாக இருந்ததைப் போல...

சேமிக்கும் பொத்தானின் மேல் விரல் நின்றது.

சேமித்தால், கோப்பைக் கடைசியாகத் திருத்திய நாள் இன்று என்று கணினி தானாகக் குறித்துக்கொள்ளும். கணவன் காவலில் இருக்கும்போது மனைவி திருத்திய சாட்சி. எந்தக் கோர்ட் அதை ஏற்கும்?

திருத்தாமல் கொடுத்து, பெயர் மட்டும் பொய், மற்றதெல்லாம் நிஜம் என்று வாயால் சொல்லலாமா? ஒரு கட்டத்தில் பொய் சொல்லும் கோப்பு மறு கட்டத்தில் மட்டும் அரிச்சந்திரனா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மாஸ்டர் எடுக்கவில்லை என்பதை நம்பவைக்க ஒரே ஒரு வாயால்தான் முடியும்.

மாஸ்டரின் வாய்.

அவள் சேமிக்காமல் மூடினாள். கோப்பை மீண்டும் திறந்து மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தாள். ஒரு வரியில் கண் நின்றது.

போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... ஒரு ஃபைல் கிடைச்சிருக்கு. தொடல. அப்படியே இருக்கு. நாளைக்குக் காலைல ஆபீஸுக்கு வாங்க. எல்லாரும் இருக்கும்போது பாக்கணும்."

"உங்க வீட்டுக்காரருக்குச் சாதகமா இருக்காம்மா?"

"இப்ப இல்ல சார்."



"அப்ப எதுக்கும்மா கூப்பிடறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

*

படம் பார்க்கும் அறை. சுவர் அளவுக்குத் திரை.

முன்வரிசையில் மாஸ்டர். பின்னால் ஊழியர்கள். கதவருகே இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும். கேமராக்காரனையும் அழைத்து வந்திருந்தார்கள்; அவன் சித்தப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

கோடம்மா திரையை ஒளிரவிட்டாள். படம் இல்லை, எழுத்துதான் என்று விளக்கினாள். அந்த நேரத்தில் எடுத்த ஒரு படத்தின் விவரக் கோப்பு. யாரும் கை வைக்கவில்லை, தேதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றாள். கான்ஸ்டபிள் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

திரையில் கோப்பின் மேல்பகுதி மட்டும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"எடுத்தவர்... மாஸ்டர். நாள்... திங்கள். நேரம்..." நிறுத்தினார். "அகராதி விழுந்த நேரம்."

மாஸ்டர் அசையவில்லை.

"தெரியும் இடம்..." இன்ஸ்பெக்டரின் குரல் மெதுவாகியது. "நம் அலுவலக மொட்டைமாடி."

அறையில் ஏதோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் எதிரில் வந்து நின்றார்.

"ரூம்ல இருந்ததா சொன்னீங்களே சார்?"

"ரூம்லதான் இருந்தேன். நேரம் தப்பா இருக்கும்."

"நேரத்தைக் கேமரா தருது மாமா," என்றாள் கோடம்மா. "போன மாசம் விருதுக்கு அனுப்பினப்போ, இந்த மாதிரிக் கோப்புங்கள்ல இருக்கற ஒவ்வொரு விவரமும் சரின்னு நீங்கதான் உறுதி குடுத்தீங்க. எடுத்தவர் பேரையும் சேர்த்துத்தான்."

மாஸ்டரின் கைகள் மடியில் இன்னும் வேகமாக நடுங்கின. ஒன்றை இன்னொன்றால் பிடித்தார். இரண்டும் நடுங்கின.

திரையைப் பார்த்தார். தம் பெயரைப் பார்த்தார். எத்தனையோ பரிசுகளின் மேல் பளபளத்த பெயர். இப்போது அது, மொட்டைமாடியில், அகராதி விழுந்த நேரத்தில், தன்னந்தனியாக நின்றது.

"இத... நான் எடுக்கல."



"உங்க பேர் இருக்கே சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பேர் எல்லாத்துலயும் இருக்கும்யா! இவ புரோகிராம் அப்படி. பன்னெண்டு வருஷமா நான் கேமராவத் தொட்டதே இல்ல. இந்தக் கைய வெச்சுக்கிட்டு எவன் படம் எடுப்பான்? அத்தனையும் இவன் எடுத்தது. இதையும் இவன்தான் எடுத்தான். வேணும்னா இங்க இருக்கற யாரை வேணாலும் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ரிசப்ஷன் பெண் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். முதலாளியே சொல்லச் சொன்ன பிறகு என்ன? ஆமாம் என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்தவர் ஆமாம் என்றார். ஆமாம் ஆமாம் என்று வரிசை முழுக்கப் பரவியது.

"அப்ப சந்தேகமே இல்லாம, இந்தப் படத்தை எடுத்தது உங்க அண்ணன் பையன்?"

"சத்தியமா. அந்த நேரத்துல கேமரா இருந்த எடத்துல இருந்தது அவன்தான். நான் இல்ல."

"எழுதிக்கய்யா," என்றார் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம். கான்ஸ்டபிள் எழுதினார். மாஸ்டர் கையெழுத்திட்டார், கோணல்மாணலாக, ஆனால் முழுப்பெயராக.

கோடம்மா கோப்பைக் கீழே நகர்த்தினாள்.

இன்னொரு கட்டம் மேலேறி வந்தது.

எடுத்த இடம்.

"இதென்னம்மா? இடம் முன்னாடியே வந்துச்சே?"

"அது வேற சார், இது வேற. தெரியும் இடம்னா, படத்துக்குள்ள தெரியற இடம்; வேலை விவரத்துல அகராதி சார் முன்னாடியே எழுதி வெச்சது. எடுத்த இடம்னா, கேமரா நின்ன இடம். நான் ஒரே கட்டம் போதும்னு சொன்னேன். அகராதி சார் விடல." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நிலாவப் படம் புடிச்சவன் நிலாவுலயா நின்னான்னு கேட்டார்."

இன்ஸ்பெக்டர் திரையை நெருங்கினார்.

எடுத்த இடம்: எதிர்க் கட்டடம். மூன்றாம் மாடி.



மாஸ்டர் எழ முயன்றார். முடியவில்லை. தம் வாயால், தம் கையெழுத்தால், அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டுபோய்த் தெருவுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நிறுத்தியிருந்தார்.

"மொட்டைமாடிச் சாவி ரெண்டு," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "ஒண்ணு எதிர்க் கட்டடத்துல இருந்துச்சுன்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க. மீதி ஒண்ணு எங்க இருந்துச்சு சார்?"

மாஸ்டர் அண்ணன் மகனைப் பார்த்தார். அவன் இப்போதுதான் தலை நிமிர்ந்தான்.

"எனக்கு முகம் தெரிஞ்சுது சித்தப்பா," என்றான். "நீங்களே சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்."

மாஸ்டர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். விருது மேடையில் சொல்லிவிடுவேன் என்றான் அகராதி, தள்ளிப்போ என்றுதான் தள்ளினேன் என்று விரல்களுக்கிடையே ஏதோ வந்தது. கான்ஸ்டபிள் அதையும் எழுதிக்கொண்டார்.

கணவனின் கையைக் கோடம்மா பற்றினாள். ஜெயித்த பிடி அல்ல அது. இனி வீட்டில் இந்த மனிதரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரியாமல் தவிக்கிற பிடி.

மாஸ்டரை எழுப்பி நிறுத்தினார்கள். ஸ்டேஷனுக்குப் போனதும் முதல் வேலையாக, முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுக்க வேண்டும் என இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்கு நினைவூட்டினார்.

அப்போதுதான் வாசலருகே ஒரு குரல் எழுந்தது. ரிசப்ஷன் பெண். அத்தனை வருடமும் தொண்டையில் கிடந்த கேள்வி. எல்லோரும் கேட்கும்படி, மாஸ்டரின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"சார், அந்தப் படத்தை யார் எடுப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"யார் எடுத்தா என்னம்மா? எப்பவும் போல, கீழ பேரு மாஸ்டரோடதுதான்."